ஊர்ப் புண்ணாக்கு

மாடு இரண்டும் பெயில் என்று போனில் செய்தி வந்தபோது, நல்லமுத்து அதே மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து லோரி ஓட்டி ஓய்ந்து, சுங்கை பாக்காப்பில் குடியிருக்கும் மனிதர். எழுபதைத் தாண்டியாயிற்று. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவரே பெயிலானது உண்டு. அதில் அவருக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஆனால் பாஸ் என்று சொல்லிக் கொம்பில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனவர்களும் இப்போது பெயில் போட்ட இதே ஆட்கள்தாம். பாஸான மாடு தொழுவத்தில் நின்றபடியே எப்படிப் பெயிலாகும் என்றுதான் விளங்கவில்லை.

"எதுல பெயிலு?"

"எண்ணெய்லண்ணே," என்றார் மறுமுனையில் முத்துவீரப்பன்.

"மாடு எண்ணெயில ஓடுதுன்னு எவன் சொன்னான்?"

"போன்ல பேசுற விஷயம் இல்லண்ணே. நேர்ல வாங்க."

மாட்டுச் சங்கதியைப் போனில் பேச முடியவில்லை என்றால் படித்தவன் எவனோ அதில் கை வைத்திருக்கிறான் என்று நல்லமுத்து முடிவு கட்டினார். படித்தவர்களைப் பற்றி அவர் கட்டிய முடிவு எதுவும் இதுவரை பொய்த்ததில்லை.

முத்துவீரப்பன் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன முருகன் கோயிலுக்குத் தலைவர். நிதி நிறுவனம் நடத்துகிறவர், செட்டிநாட்டு வம்சம், வெள்ளை வேட்டி கசங்காதவர். அந்தக் கோயில் தேரை வருஷா வருஷம் இழுப்பது நல்லமுத்துவின் மாடுகள். ஒன்றின் பெயர் வெள்ளையன். மற்றதற்கு, அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டத்தை வைத்து, டத்தோ என்று பெயர். கழுத்தில் மாலை விழாமல் ஓர் அடி எடுத்து வைக்காது என்பதால் அந்தப் பெயர் தானாக அமைந்துவிட்டது.

வீடுகள் நெருங்கிய இடத்தில் மாடு வளர்க்க நகராண்மைக் கழகம் விடாது. கோயில் வேலைக்கு வேண்டிய மாடு என்று முத்துவீரப்பன் கடிதம் கொடுப்பதால்தான் விட்டுவைத்திருக்கிறது. தேர் இழுக்காவிட்டால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் மாடு இல்லை. மற்றக் கோயில்கள் டிராக்டருக்கு மாறியபோது வேலை போன மாடுகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது நல்லமுத்துவின் மனைவி வடிவம்மாளுக்குத் தெரியும். அந்த வார்த்தையை அவள் தொழுவத்தின் பக்கம் சொல்வதில்லை.

இந்த மாட்டுக்குள் எண்ணெய் நுழைந்த கதை இது.

அந்நிய எண்ணெய்ச் சார்பு ஒழிப்பு மன்றம் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு எண்ணெயை நம்பி வண்டி ஓட்டாமல், நம் நாட்டிலேயே கிடைக்கும் மாற்று எரிபொருளில் ஓட்ட வேண்டும் என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கைதான். அதற்காக மன்றம் ஒரு பஸ் வாங்கியது. அதற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பாகம் வர வேண்டியிருந்ததால் கொட்டகையில் நின்றது. மின்சாரப் படகு வாங்கியது. படகின் பிளக்கும் கரையின் பிளக்கும் பொருந்தவில்லை. பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் ஒரு பாட்டிலில் இயக்குநரின் மேசைமேல் இருந்தது. அதைத் திறந்தால் கெட்டுவிடும் என்றார்கள்.

ஒரு கூட்டத்தில் துணை அமைச்சர் வாய் தவறி, "இதுல எது ஓடுது?" என்று கேட்டுவிட்டார். யாரும் அதற்குத் தயாராக வரவில்லை. சமூகப் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்த முத்துவீரப்பன்தான் அந்த மௌனம் தாங்காமல், "எங்க கோயில்ல ரெண்டு ஓடுது," என்று சொல்லிவைத்தார்.

மறுவாரமே இயக்குநர் லோகேஸ்வரன் சுங்கை பாக்காப்புக்கு வந்து இறங்கினார். பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்து லண்டனில் படித்தவர். தமிழைப் பெரியவரான பிறகு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டவர். அதனால் மேடையில் பேசுவதுபோலத்தான் வீட்டிலும் பேசுவார். கூடவே அஃபிக் என்ற தொழில்நுட்ப அதிகாரி, பெட்டியும் குழாயுமாக.

தொழுவத்துக்கு முன்னால் லோகேஸ்வரன் உரையாற்றினார். கேட்க வடிவம்மாள், இரண்டு மாடு, சில கோழிகள் இருந்தன.

"அந்நிய எண்ணெய்க்கு நாம் அடிமைப்பட்டுக் கிடக்கிறோம். இந்த உண்மையை நான் இங்கே உட்கார்ந்து உணரவில்லை. பிரேசில் போய் உணர்ந்தேன். நார்வே போய் உணர்ந்தேன். ஐஸ்லாந்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை மேகமூட்டமாக இருந்தது."

"ஐயோ பாவம்," என்றாள் வடிவம்மாள்.

பிறகு புகைப் பரிசோதனை. முதலில் எஞ்சினை அணைத்து மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. அஃபிக் அதை மலாயில் வாசித்துவிட்டு, மாட்டைப் பார்த்து, அந்த வரியைத் தாண்டிப் போனான். நல்ல பையன். அடுத்தது, புகைபோக்கியில் குழாயைச் செருக வேண்டும்.

"பாக்சிக், புகை எந்தப் பக்கம் வரும்?" என்று பெரியவரிடம் கேட்டான்.

நல்லமுத்து காட்டினார். அஃபிக் கொஞ்ச நேரம் யோசித்து, போட்டிருந்த கையுறைமேல் இன்னொரு கையுறை மாட்டிக்கொண்டான். டத்தோ குழாய் கிட்டே வரும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, தன் பதிலை மொத்தமாகச் சொல்லிவிட்டது. குழாய், பெட்டி, அஃபிக்கின் சப்பாத்து எல்லாவற்றிலும் பதில் இருந்தது. 'அளவுக்கு மேல்' என்று அஃபிக் குறித்தான். லோகேஸ்வரன் அதை அடித்துவிட்டு, 'திட உமிழ்வு; மறுபயன்பாட்டுக்கு உகந்தது' என்று திருத்தினார்.

"அடுத்து எரிபொருள். என்ன பயன்படுத்துகிறீர்கள்?"

"புல்லு. தவிடு. எள்ளுப் புண்ணாக்கு."

"புண்ணாக்கு என்றால்?"

"எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தா மிஞ்சுற சக்கைங்க."

எண்ணெய் என்ற சொல் காதில் பட்டதும் லோகேஸ்வரன் நிமிர்ந்தார். "எந்த எண்ணெய்? எங்கிருந்து வருகிறது?"

"ஊரு எண்ணெய்தாங்க. ஊருப் புண்ணாக்கு. வேற எதையும் இது ரெண்டும் வாயில வைக்காது."

லோகேஸ்வரனின் முகம் தீபாவளி ஆயிற்று. வகுப்பில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, ஊர் என்றால் குடியிருக்கும் இடம். உள்ளூர் எண்ணெய். சுங்கை பாக்காப் எண்ணெய். முழுக்க உள்நாட்டு எரிபொருள் என்று அஃபிக்கை எழுதச் சொல்லி, கையோடு ஒவ்வொரு கொம்பிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, மாடுகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். டத்தோவுக்கு மாலை போட்ட பிறகுதான் அது படத்துக்குத் தலையைத் திருப்பியது. ஆண்டறிக்கையின் அட்டையில் அந்தப் படம்தான் வந்தது.

அட்டை வந்ததைக் கொண்டாட ஹோட்டலில் ஒரு விருந்து வைத்தார்கள். அங்கேதான் முத்துவீரப்பன் கெடுத்தார். சூப் குடித்தபடி, பெருமையாக, "ஊருப் புண்ணாக்கு வலுவே வலுதாங்க. நம்ம ஊர்லேருந்து கப்பல்ல வருதில்ல," என்றார்.

லோகேஸ்வரனின் கரண்டி பாதி வழியில் நின்றது. "எந்த ஊர்?"

"ஊர்னா ஊருதான். இந்தியா லா."

இந்த நாட்டில் தமிழன் 'ஊர்' என்று சும்மா சொன்னால் கடலுக்கு அந்தப் பக்கம்தான். அப்பன் சொன்னான், பாட்டன் சொன்னான். போகாதவனும் அப்படித்தான் சொல்கிறான். இது வகுப்பில் வராது.

ஆக, மாடுகள் அந்நிய எண்ணெயைச் சார்ந்தவை. அட்டையிலேயே அந்நிய எண்ணெய் நிற்கிறது, மாலையும் கழுத்துமாக. விருந்து முடிவதற்குள் மாடுகள் பெயிலாகின.

நேரில் வரச் சொன்னது விசாரணைக்கு. ஜார்ஜ் டவுனில் உயரமான கட்டடத்தின் மேல் மாடி. குளிர் எலும்பில் இறங்கியது. 'ஊர் என்பதன் பொருள் குறித்த துணைக்குழு' என்று கதவில் ஒட்டியிருந்தது. உள்ளே லோகேஸ்வரனும் மற்ற உறுப்பினர்களும் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முத்துவீரப்பன் ஓரத்தில் இருந்தார்.

"ஊர் என்றால் கிராமம் என்கிறது ஓர் அகராதி," என்று லோகேஸ்வரன் தொடங்கினார். "நகரம் என்கிறது இன்னொன்று. ஊர்ந்து போவதும் ஊர்தானாம். இந்தச் சொல் ஆபத்தானது. நீங்கள் கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள்?"

"போனதே இல்லீங்க."

"போகாத இடம் எப்படி உங்கள் ஊர் ஆகும்?"

"எங்கப்பா அப்படிச் சொன்னாரு. வாய் பழகிப்போச்சு."

"அப்படியானால் உங்கள் ஊர் எது?"

"சுங்கை பாக்காப்."

"அப்போது சொன்ன ஊர்?"

"அதுவும் ஊருதான். இது என் ஊரு. அது சும்மா ஊரு."

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'மனுதாரருக்கு இரண்டு ஊர். மாடுகளின் சார்பு எந்தப் பக்கம் என்பது தெளிவில்லை' என்று ஓர் அம்மாள் தட்டச்சு செய்தார்.

"கவலைப்படாதீர்கள்," என்றார் லோகேஸ்வரன். "தேரை இழுக்க மன்றமே டிராக்டர் தருகிறது. நம் தோட்டங்களில் விளையும் செம்பனை எண்ணெயில் ஓடும்."

நல்லமுத்துவுக்குக் காது சூடாயிற்று. குளிரிலும் சூடாயிற்று.

"அந்த டிராக்டர் எந்த ஊருங்க?"

"ஜப்பான். உலகத் தரம்."

"செம்பனைக்குப் போடுற உரம்?"

"கனடா. அதைவிடச் சிறந்தது கிடையாது."

"குலை வெட்டுறவன்?"

"வங்காளதேசம். மிக நல்ல உழைப்பாளிகள்."

"உங்க படிப்பு?"

"லண்டன்," என்றார் லோகேஸ்வரன், டையை நீவிக்கொண்டு. "மன்றத்தில் உள்ளூரில் படித்தவர் எவருமே கிடையாது. அந்த விஷயத்தில் நாங்கள் சமரசம் செய்வதில்லை."

"அப்போ இந்தக் கட்டடத்துல அந்நியம் எங்க மாடு மட்டும்தான்," என்றார் நல்லமுத்து. அம்மாள் அதையும் தட்டச்சு செய்தார். ஒப்புதல் வாக்குமூலம் என்ற தலைப்பின் கீழே.

திருந்துவதற்கு மாடுகளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். செம்பனைப் புண்ணாக்கு மூட்டைகள் மன்றத்தின் முத்திரையோடு வீட்டு வாசலில் இறங்கின. வெள்ளையன் மோந்து பார்த்துத் தும்மியது. டத்தோ மூட்டையின்மேல் படுத்துத் தூங்கியது.

"மெத்தைக்கு நல்லாருக்குன்னு எழுதிப் போடு," என்றாள் வடிவம்மாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் முத்துவீரப்பன் தானே சுங்கை பாக்காப்புக்கு வந்தார். வேட்டி முதல்முறையாகக் கசங்கியிருந்தது.

"டிராக்டரும் பெயிலுண்ணே."

"ஏன்?"

"மாட்டுக்குப் போட்ட அதே விதிதான். டயர்லேருந்து கிரீஸ் வரைக்கும் எல்லாம் வெளிநாடு. அவங்க விதியில எதுவுமே பாஸாகாது போலருக்கு. நாளைக்குத் துணை அமைச்சர் வேற வர்றாரு. அட்டையில பார்த்த மாட்டை நேர்ல பார்க்கணுமாம். கடற்கரைத் திடல்ல கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பாரு."

"அப்போ மாடு வரலாமா, கூடாதா?"

"வரலாம். தேர் புறப்படுறதுக்கு முன்ன நீங்க மைக்குல ஒரே வார்த்தை சொல்லணும். புண்ணாக்கு சுங்கை பாக்காப்ல ஆட்டினதுன்னு. சொன்னா மாடு பாஸு. மன்றம் பச்சைக் கோயில்னு நமக்குப் பட்டயம் கொடுக்கும். நானும் உங்க கடிதத்துல கையெழுத்துப் போட்டுருவேன்."

"சொல்லாட்டி?"

முத்துவீரப்பன் தரையைப் பார்த்தார். "மன்றம் பெயில் போட்ட மாட்டுக்கு நான் எப்படிண்ணே கடிதம் கொடுக்கிறது?"

"சாமி தேருக்கு முன்ன நின்னு பொய் சொல்லச் சொல்றீங்க."

"பொய் இல்லண்ணே. ஒத்துழைப்பு."

அவர் போன பிறகு வடிவம்மாள் மாடுகளுக்குத் தவிடு வைத்தாள். பிறகு சொன்னாள்: "சொல்லித் தொலையேன்யா. ஊரை மாத்திச் சொன்னா நாக்கா அழுகிடும்? மாடு மிஞ்சும்ல."

பொய் நல்லமுத்துவுக்குப் புதிதல்ல. லோரி ஓட்டின காலத்தில் போலீஸ்காரனிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார். அது தப்பிக்கிறதற்குச் சொன்ன பொய். இது அந்த லோகேஸ்வரன் அட்டையில் சிரிப்பதற்குச் சொல்கிற பொய். இந்த வருஷம் புண்ணாக்கைச் சுங்கை பாக்காப் என்று சொன்னால், அடுத்த வருஷம் வேறு எதையோ வேறு எங்கோ என்று சொல்லச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் மாடுகளைக் காட்டிக் கேட்பார்கள். கேட்கக் கற்றுக்கொண்டவன் நிறுத்த மாட்டான்.

காலையில் மாடுகளைக் குளிப்பாட்டி லோரியில் ஏற்றி, பாலம் தாண்டி ஜார்ஜ் டவுனுக்குக் கொண்டு வந்தார். கோயில் வாசலில் தேர் பூவும் மணியுமாக நின்றது. மாடுகளை நுகத்தில் பூட்டினார். டத்தோவுக்கு மாலை விழுந்தது. மேளம் நின்றதும் மன்றத்தார் மேடையில் ஏறினார்கள்.

லோகேஸ்வரன் மைக்கைப் பிடித்தார். "இது வெறும் மாடு அல்ல. இது ஒரு கொள்கை. நாங்கள் பெரும் முயற்சியில், பல நாடுகள் சுற்றி, இந்த மாட்டைக் கண்டுபிடித்தோம். இதன் எரிபொருள் எங்கே தயாரானது என்பதை இதோ, இதன் உரிமையாளரே சொல்வார்."

மைக் நல்லமுத்துவின் கைக்கு வந்தது. கூட்டத்தில் வடிவம்மாள் கை கூப்பி நின்றாள். சாமியைப் பார்த்தா, அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"என் பேரு நல்லமுத்து. பொறந்தது, லோரி ஓட்டுனது, சாகப்போறது எல்லாம் சுங்கை பாக்காப். அதான் என் ஊரு. மாட்டுக்கும் அதான் ஊரு. புண்ணாக்கு மட்டும் இந்தியாலேருந்து கப்பல்ல வருது. வந்ததைத் தின்னுட்டு மாடு இங்கதான் இழுக்குது, இங்கதான் சாணி போடுது. இதுல எது அந்நியம்னு மேடையில இருக்கிறவங்க பேசி முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் சாமி வெயில்ல நிக்காது."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு மாட்டின் முதுகில் தட்டினார். தேர் அசைந்தது.

"நிறுத்துங்கள்," என்றார் லோகேஸ்வரன். "தலைவரே, நிறுத்தச் சொல்லுங்கள். பட்டயம் கிடைக்காது."

முத்துவீரப்பன் தேரைப் பார்த்தார், பட்டயத்தைப் பார்த்தார். பட்டயம் கண்ணாடி போட்டு மேசைமேல் இருந்தது. தேர் நகர்ந்துகொண்டிருந்தது. "புறப்பட்ட தேரை நிறுத்தற வழக்கம் எங்கள்ல இல்லீங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கி ஓடி வந்தார். நல்லமுத்து பக்கத்தில் வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"கடிதம் நான் தர்றேண்ணே. கோயில் பேர்ல. அவங்க பெயில் போட்டா போட்டுக்கட்டும்."

"எழுதிட்டுச் சொல்லுங்க," என்றார் நல்லமுத்து.

மன்றத்தார் அவசரமாக அவர்களுடைய பெரிய கறுப்புக் காடிகளில் ஏறினார்கள். தேர் திடலுக்குப் போவதற்குள் அவர்கள் போய்த் துணை அமைச்சர் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் மாடு மட்டும் இருக்கும். ஆனால் திருவிழாவுக்காக மற்றச் சாலைகளைப் போலீஸ் அடைத்திருந்தது. திறந்திருந்தது தேர் போகும் தெரு மட்டும். இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள், நடுவில் தேர். பின்னால் மன்றம்.

முதல் காடி ஹாரன் அடித்தது. டத்தோ நின்றுவிட்டது. வெள்ளையனும் நின்றது. மறுபடி ஹாரன். மாடுகள் அப்படியே வேர் பிடித்து நின்றன. வீட்டு வாசல்களில் தேங்காய் உடைத்தவர்கள் இன்னும் நாலு தேங்காய் கொண்டுவந்தார்கள், சாமி நமக்காக நிற்கிறது என்று.

காடிக் கண்ணாடி இறங்கியது. "பெரியவரே, கொஞ்சம் ஓரம் கட்டுங்கள்," என்றார் லோகேஸ்வரன்.

"தேரை ஓரம் கட்டுறது எப்படின்னு லண்டன்ல சொல்லிக் கொடுத்தாங்களா?"

"அப்படியானால் வேகமாகவாவது போங்கள்."

"ஹாரனை நிறுத்துங்க. எஞ்சினையும் நிறுத்துங்க. இரைச்சல் இருந்தா அது ரெண்டும் நகராது."

காடிக்குள் மன்றம் கூடியது. ஆள் அனுப்பி மாட்டை அவிழ்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவிழ்க்கப் போவது யார் என்று இன்னொருவர் கேட்டதும் அந்தத் தீர்மானம் விழுந்தது. வேறு வழியில்லாமல் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. குளிர் போயிற்று. கதவுகள் திறந்தன. கோட்டு போட்டவர்கள் வெயிலில் இறங்கினார்கள். மஞ்சள் தண்ணீரிலும் தேங்காய்ச் சில்லிலும் டத்தோ வழியெல்லாம் விட்டுப்போன திட உமிழ்விலும் கால் பார்த்து வைத்து, தேருக்குப் பின்னால் கடற்கரைவரை நடந்தார்கள்.

மன்றம் தொடங்கிய காலத்திலிருந்து அந்நிய எண்ணெய் ஒரு சொட்டாவது மிச்சமானது அன்றைக்குத்தான். அதை அளந்து எழுதலாமே என்று லோகேஸ்வரனுக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தோன்றி, அஃபிக்கைத் தேடினார். அவன் எப்போதோ காடியை விட்டு இறங்கி முன்னால் போய், வெள்ளையனுக்குத் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.